ரோட்டாவின் மெட்டை ஜாஸாக வாசிக்க யாரிடம் அனுமதி கேட்பது?

கேள்வி: இத்தாலியில் பலெர்மோ நகரில் குடும்பத்தோடு வாழ்கிறோம். என் மகள் இங்கே இசைக் கல்லூரியில் பியானோ படிக்கிறாள். கிளாரினெட், செல்லோ, டபுள் பேஸ் வாசிக்கும் மூன்று நண்பர்களோடு சேர்ந்து நீனோ ரோட்டா, என்னியோ மொரிக்கோனே ஆகியோரின் பழைய திரைப்பட மெட்டுகளை ஜாஸ் பாணியில் வாசிக்கிறாள். கோடையில் இரண்டு ஊர்களில் கச்சேரி இருக்கிறது. பிறகு 500 பிரதிகள் இசைத்தட்டு போடவும் ஆசைப்படுகிறார்கள். ஒருவர் "எல்லா உரிமைகளையும் நானே வாங்கித் தருகிறேன்" என்று 800 யூரோ கேட்கிறார். கொடுக்கலாமா? இசைத்தட்டின் அட்டையில் இயக்குநர் ஃபெல்லினியின் படக் காட்சி ஒன்றைப் போடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். "எல்லா உரிமைகளும்" என்று ஒரே பொட்டலமாக விற்கப்படும் பொருள் எதுவும் கிடையாது. இசைப் பதிப்புரிமை வேலையில் நான் கழித்த ஆண்டுகளில் இந்தச் சொற்களைச் சொல்லிப் பணம் வாங்கிய பலரைப் பார்த்துவிட்டேன். அவர்களில் ஒருவர்கூடப் பதிப்பாளரின் (மெட்டின் உரிமையைக் கையில் வைத்திருக்கும் நிறுவனத்தின்) கையொப்பம் உள்ள தாளைக் கொண்டுவந்து காட்டியதில்லை.

உங்கள் மகள் செய்ய நினைப்பவை மூன்று வேறு வேறு காரியங்கள். மேடையில் வாசிப்பது ஒன்று. பதிவு செய்து வெளியிடுவது இன்னொன்று. மெட்டை மாற்றி எழுதி, அதற்குத் தன் பெயரையும் சேர்த்துக்கொள்வது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் கதவு வேறு.

முதலில் கச்சேரி. இத்தாலியில் இசையமைப்பாளர்களின் பணத்தை வசூலித்துப் பங்கிடும் பெரிய அமைப்பு சியாயே. 1882இல் தொடங்கியது. கச்சேரிக்கான அனுமதியை வாங்குவதும் கட்டணத்தைக் கட்டுவதும் நிகழ்ச்சி அமைப்பாளரின் பொறுப்பு. வாசிப்பவர்களின் பொறுப்பு அல்ல. யாராவது உங்கள் மகளிடம் "மேடை உரிமைக்கு" என்று பணம் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். மகளின் கடமை ஒன்றே ஒன்றுதான்: போர்தெரோ.

அன்று வாசித்த உருப்படிகளின் பெயரையும் அவற்றை அமைத்தவர்களின் பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டுத் தரும் படிவத்துக்கு அந்தப் பெயர். இப்போது இணையத்திலும் நிரப்பலாம். வசூலான பணம் யாருக்குப் போகவேண்டும் என்பதை இந்தப் படிவமே முடிவு செய்கிறது. ஆகவே திருட்டும் இங்கேதான் நடக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரின் கோடை விழாவில் மூன்று இளைஞர்கள் மாலை முழுவதும் ரோட்டாவை வாசித்தார்கள். இடைத்தரகர் ஒருவர், "நீங்கள் களைத்திருப்பீர்கள், வெற்றுப் படிவத்தில் கையொப்பமிடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பிறகு பார்த்தால் படிவத்தில் ரோட்டாவின் பெயரே இல்லை. தரகரின் சொந்தப் படைப்புகள் ஆறு அதில் எழுதப்பட்டிருந்தன. அவற்றில் ஒரு சுரத்தைக்கூட அன்று யாரும் வாசிக்கவில்லை. விவகாரம் வெளியே வந்தபோது பதில் சொல்ல வேண்டியிருந்தது கையொப்பமிட்ட பெண்தான். அவளுக்கு அப்போது 22 வயது. விளக்கம் கேட்டு வந்த கடிதத்தை அவள் என் மேசையில் வைத்து அழுததை நான் மறக்கவில்லை. வெற்றுப் படிவத்தில் உங்கள் மகள் ஒருபோதும் கையொப்பமிடக் கூடாது. அமைப்பாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, இரவு எத்தனை மணியானாலும் சரி.

எழுதும்போது பெயர்களிலும் கவனம் வேண்டும். 'நுவோவோ சினெமா பாரதீசோ' படத்தின் காதல் மெட்டை மொரிக்கோனேயின் மெட்டு என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அதை அமைத்தவர் அவருடைய மகன் அந்திரேயா மொரிக்கோனே. அப்பாவின் பெயரை மட்டும் எழுதினால் மகனுக்குச் சேரவேண்டியது சேராது. ரோட்டாவும் ஒரே மெட்டை வேறு வேறு படங்களில் பயன்படுத்தியவர். 'காட்ஃபாதர்' படத்தின் காதல் மெட்டு, அதற்கு முன்பே 1958இல் வந்த 'ஃபோர்துனெல்லா'வில் வேறு வேகத்தில் ஒலித்தது. அதனால்தான் அந்த இசைக்கான ஆஸ்கர் பரிந்துரையைத் திரும்பப் பெற்றார்கள். எந்தத் தலைப்பை வாசிக்கிறோம், அது யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதை சியாயேயின் படைப்புப் பட்டியலில் தேடிப் பார்த்து எழுதுங்கள். அரை மணி நேர வேலை.

இசைத்தட்டு விஷயம் அச்சிடுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். பிரதி எடுக்கும் உரிமைக்கு சியாயேயிடம் நேரடியாக விண்ணப்பிக்கலாம், தரகர் தேவையில்லை. இணைய இசைத் தளங்களில் ஏற்றும்போது "இது ஏற்கெனவே உள்ள படைப்பின் புதிய வாசிப்பு" என்று குறிப்பிட்டு, அமைத்தவர் பெயரைச் சரியாகக் கொடுத்தால் ஐரோப்பாவில் அமைத்தவரின் பங்கைத் தளங்களே செலுத்துகின்றன. காணொளித் தளத்தில் விளம்பர வருமானத்தைப் பதிப்பாளர் கோரினால் பயப்பட வேண்டாம். அது தண்டனை அல்ல.

மூன்றாவது கதவுதான் கடினமானது. 1941ஆம் ஆண்டின் இத்தாலியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பை மாற்றி அமைக்கும் உரிமை அமைத்தவருக்கே உரியது. அப்படியானால் ஜாஸ் வாசிப்பதே குற்றமா என்று கேட்பீர்கள். இல்லை. மெட்டை வாசித்துவிட்டு அதன்மேல் கற்பனையாக விரித்துச் செல்வதை நடைமுறையில் வாசிப்பாகவே கொள்கிறார்கள். படிவத்தில் மூலப் படைப்பின் பெயர் இருந்தால் போதும். ரோட்டா இறந்து இரண்டே ஆண்டுகளில், 1981இல், ஹால் வில்னர் தயாரித்த இசைத்தட்டில் ஜாஸ் கலைஞர்கள் கார்லா பிளேயும் ஸ்டீவ் லேசியும் அவர் மெட்டுகளை அடையாளம் மாறும் அளவுக்கு விரித்தார்கள். பியானோக் கலைஞர் என்ரிக்கோ பியராநூன்ட்சி முதலில் மொரிக்கோனேக்கும் பிறகு ஃபெல்லினி படங்களின் இசைக்கும் தனித்தனி இசைத்தட்டே போட்டார். சார்லி ஹேடனும் பேட் மெத்தனியும் 1997இல் அந்த 'பாரதீசோ' மெட்டை பேஸும் கிதாரும் கொண்டு வாசித்ததைக் கேளுங்கள். ஒரு சுரம்கூட அதிகமில்லை. உங்கள் மகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான்.

ஆனால் நால்வருக்காக எழுதிய இசைக்குறிப்பை அச்சிட்டு விற்கவோ, "இசைக்கோப்பு" (மெட்டை வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதியவர்) என்று தன் பெயரைப் பதிவு செய்து பங்கு வாங்கவோ, மெட்டுக்குப் புதிய வரிகள் எழுதவோ நினைத்தால் பதிப்பாளரின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். 'அமார்கோர்ட்', 'எட்டரை' போன்ற ஃபெல்லினி படங்களின் இசை காம் என்ற பழைய இசைப் பதிப்பு நிறுவனத்திடம் இருந்தது. 2011இல் அதை சுகர் குழுமம் வாங்கியது. அவர்களுக்கே எழுதுங்கள். எந்தப் படைப்பு, எந்தக் கருவிகள், எத்தனை பிரதி, எந்த நாடு என்ற நான்கும் கடிதத்தில் இருக்கட்டும். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம். இது எனக்குத் தாங்க முடியாத கோபத்தைத் தருகிறது. உலகமே அறிந்த மெட்டுக்கு ஒரு மாணவி நேர்மையாக அனுமதி கேட்கிறாள். அவளுக்கு "ஆம்", "இல்லை" என்று ஒரு வரி எழுத ஆள் இல்லை. அந்த மௌனத்தில்தான் 800 யூரோ கேட்பவர்கள் பிழைக்கிறார்கள்.

"பழைய படம், உரிமை முடிந்துவிட்டது" என்று அந்த நபர் சொல்லியிருக்கக்கூடும். படத்தின் வயதைக் கணக்கில் எடுக்கவே கூடாது. அமைத்தவர் இறந்த ஆண்டிலிருந்து 70 ஆண்டுகள் எண்ண வேண்டும். ரோட்டா இறந்தது 1979; உரிமை 2049 இறுதி வரை. மொரிக்கோனே இறந்தது 2020. 2090 இறுதி வரை. பேசாப் பட காலத்து 'கபீரியா' 1914இல் வந்தது. அதற்கு 'நெருப்பின் சிம்பொனி' எழுதிய பித்செத்தி 1968இல்தான் இறந்தார் என்பதால் அந்த இசை 2038 வரை பூட்டிக்கிடக்கிறது. அதற்குப் பின் 1917இல் வந்த 'ராப்சோதியா சத்தானிக்கா'வுக்கு இசையமைத்த மஸ்காஞ்ஞி 1945இலேயே இறந்துவிட்டார்; அது இன்று பொதுச் சொத்து. "எட்டு தாளவட்டம் வரை எடுத்துக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கும் சட்டத்தில் இடமில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சிசிலியில் எல்லோரும் ஒரு நடன இசையை வாசிக்கக் கேட்பார்கள். இயக்குநர் விஸ்கோந்தியின் 'இல் கத்தோபார்தோ' (1963) படத்தில், பலெர்மோ மாளிகையின் நடனக் காட்சியில் வரும் வால்ட்ஸ் ரோட்டாவுடையது அல்ல, ஓபரா இசையமைப்பாளர் வெர்தியுடையது. அதுவரை வெளிவராத பியானோ உருப்படி அது; ரோட்டா அதைப் படத்துக்காக வாத்தியக் குழுவுக்கு விரித்து எழுதினார். வெர்தி இறந்தது 1901. பியானோ உருப்படி எல்லோருக்கும் சொந்தம். ரோட்டா எழுதிய வாத்திய அமைப்போ 2049 வரை காக்கப்பட்டது. ஆகவே படத்தின் ஒலியைக் கேட்டு எழுதக் கூடாது. வெர்தியின் பியானோ வடிவத்தை எடுத்து, அதிலிருந்து நால்வருக்கும் பிரித்து எழுதினால் அந்த இசைக்கோப்பு உங்கள் மகளுடையது. அதைத் தன் பெயரில் பதிவு செய்யலாம், அச்சிட்டு விற்கலாம். கிளாரினெட் எந்த வரியை வாசிக்கும், செல்லோ எங்கே தாங்கும் என்று அவளே தீர்மானித்த தாள்களைத் தேதியோடு பத்திரமாக வைத்திருக்கட்டும். ரோட்டாவின் குழலிசை வரியை இரவல் வாங்கிவிட்டால் இந்தச் சுதந்திரம் போய்விடும்.

அட்டையில் ஃபெல்லினி படக் காட்சி வேண்டாம். அந்த உரிமை இசைப் பதிப்பாளரிடம் இல்லை. படத்தின் உரிமையாளரிடம் கேட்க வேண்டும், நடிகரின் முகம் தெரிந்தால் அதற்கும் தனியாகக் கேட்க வேண்டும். நால்வரையும் வாத்தியங்களோடு நிற்கவைத்து நீங்களே ஒரு படம் எடுங்கள்.