சயரோகத்தோடு அக்கி: கேள்வி பதில்

கொழும்பில் மார்பு நோய் கிளினிக்கில் பல வருடம் வேலை செய்த டொக்டர் பதில் சொல்கிறார்.

வெள்ளவத்தை: டொக்டர், அப்பா சயரோகக் குளிசை தொடங்கி மூன்று கிழமை. வலப்பக்க விலாவில் எரிவு, இப்போது கொப்புளம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

அக்கி போலிருக்கிறது. முதுகுத்தண்டில் தொடங்கி ஒரு பக்கமாகவே பட்டிபோல் சுற்றிவந்து, நெஞ்சின் நடுவில் நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். மருந்து ஒவ்வாமைத் தடிப்பு அப்படி ஒரு பக்கத்தோடு நிற்காது. சின்ன வயதில் வந்த கொப்புளிப்பானின் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் ஒளிந்து கிடந்து, உடம்பு இளைத்த நேரம் எழும்புகிறது. கொப்புளத்துக்கு முன்னமே எரிவு தொடங்கும். அதைச் சயரோக நெஞ்சுவலி என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கொப்புளம் கண்டு 72 மணித்தியாலத்துக்குள் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கினால்தான் பலன் அதிகம். இன்றே காட்டுங்கள். சிறுநீரகத்தைப் பார்த்துத்தான் அளவு சொல்வார்கள், நீங்களாக வாங்க வேண்டாம். கிளினிக் சொல்லாமல் சயரோகக் குளிசையை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.

கொட்டாஞ்சேனை: எங்கள் வீட்டிலும் அக்கிதான். அம்மாள் வந்திருக்கும்போது இங்கிலீஷ் மருந்து கூடாதென்று மாமி சயரோகக் குளிசையோடு எல்லாக் குளிசையையும் எடுத்து வைத்துவிட்டா.

மாமியோடு சண்டை பிடிக்காதீர்கள். வேப்பிலை தலைமாட்டில் இருக்கட்டும். அரைத்துப் புண்ணில் மட்டும் பூச வேண்டாம். ஒரு வீட்டில் வேப்பிலைக் கொத்துக்குக் கீழே இரண்டு கிழமைக் குளிசை பிரிக்காமல் கிடந்ததைக் கண்டிருக்கிறேன். அதற்குள் அந்தச் சயரோகக்காரருக்கு இருமலில் இரத்தம் வந்துவிட்டது. இன்று இரவே எடுத்துக் கொடுங்கள்.

மட்டக்குளி: நம்பிக்கையில் ஏன் கை வைக்கிறீர்கள்? எங்கள் அம்மம்மாவுக்கு மருந்தில்லாமலே அக்கி மாறியது.

மாறியிருக்கும், அக்கி தானாகவும் ஆறும். சயரோகத்தை அப்படி நம்பி விட முடியாது. முதல் 2 மாதம் நான்கு மருந்து, பிறகு 4 மாதம் இரண்டு மருந்து. இடையில் விட்டுவிட்டு எடுத்தால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய், வீட்டிலுள்ளவர்களுக்கும் அப்படியே தொற்றும். அம்மாளைக் கும்பிடுங்கள், குளிசையையும் கொடுங்கள்.

தெஹிவளை: சயரோகத்துக்கு மருந்து எடுக்கிறேன். இரத்தப் பரிசோதனையில் சைட்டோமெகலோ வைரஸ் ஐ.ஜி.ஜி. (எதிர்ப்பொருள்) பாசிட்டிவ். பயமா?

பழைய தொற்றின் தடயம். நம் நாடுகளில் பெரியவர்கள் பெரும்பாலானோருக்கு இருக்கும். அக்கி வைரஸைப் போல இதுவும் ஹேர்பீஸ் என்ற வைரஸ் குடும்பம்தான். இந்த வைரஸுக்கும் சயரோகத்துக்கும் தொடர்பு ஆய்வுகளில் தெரிகிறது. ஒன்று மற்றதைக் கொண்டுவருகிறது என்று நிரூபணமாகவில்லை. உங்கள் சிகிச்சை மாறாது. எச்.ஐ.வி. பரிசோதனை செய்தீர்களா? சயரோகக்காரர் எல்லோரும் செய்ய வேண்டியது, அக்கியும் வந்தால் கட்டாயம்.

பம்பலப்பிட்டி: உதட்டில் காய்ச்சல் புண். சயரோகக் குளிசையை நிறுத்தட்டா?

வேண்டாம். மேலே சொல்லிவிட்டேன், தயவுசெய்து வாசியுங்கள்.

வெள்ளவத்தை: மறுபடியும் நான்தான், டொக்டர். வீட்டில் தங்கச்சி ஐந்து மாதக் கர்ப்பம்.

அவவுக்குக் கொப்புளிப்பான் வந்ததில்லையென்றால், அப்பாவின் கொப்புளங்கள் பொருக்குத் தட்டும்வரை கிட்டப் போக வேண்டாம். புண்ணை மூடி வையுங்கள், துணியை வேறாகத் தோயுங்கள். ஏற்கெனவே தொட்டிருந்தால் நாளைவரை பார்க்காமல் இப்போதே அவவுடைய டொக்டருக்குச் சொல்லுங்கள்.