குடுவைகள் கருகுவது நோயா, ஓய்வா?

கேள்வி: பூச்சி பிடிக்கும் சாரசீனியா குடுவைச் செடிகளைத் திறந்தவெளியில் தொட்டிகளில் வளர்க்கிறேன். கோடை முழுவதும் செழிப்பாக இருந்தவை, குளிர் தொடங்கியதும் நுனியிலிருந்து பழுப்பேறிக் கருகுகின்றன. சத்துக் குறைவு என்று நினைத்து மண்புழு உரம் இட்டேன். கிணற்று நீர்தான் ஊற்றுகிறேன். செடிகளை வீட்டுக்குள் எடுத்து வைக்கலாமா? தொட்டிக்கு அடியில் உள்ள தட்டு நீரில் கொசுப்புழுவும் சேர்கிறது. அதற்கு என்ன செய்வது?

பதில்: முதலில் செடியின் அடியில் மண்ணைச் சற்று விலக்கி, கிழங்குபோல் படுத்திருக்கும் தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் செடி உயிரோடுதான் இருக்கிறது. சொதசொதவென்று அமுங்கி நாற்றம் அடித்தால் மட்டுமே அழுகல். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிச் சதுப்பு நிலங்களிலிருந்து வந்த செடி இது. பகல் குறுகிக் குளிர் இறங்கியதும் குடுவை வடிவில் இருக்கும் பழைய இலைகளைக் காயவிட்டு ஓய்வுக்குப் போய்விடும். ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மூன்று, நான்கு மாதம் இந்த ஓய்வு கிடைத்தாக வேண்டும்.

ஆகவே வீட்டுக்குள் வைக்காதீர்கள். உள்ளே வெப்பம் இருக்கும், வெளிச்சம் போதாது. செடி வெளிறிய, துவண்ட இலைகளை விட்டுத் தன் சேமிப்பைத் தீர்த்துக்கொள்ளும். இரவில் விழும் லேசான உறைபனி அதை ஒன்றும் செய்யாது. தொட்டி மண் முழுவதும் நாள்கணக்கில் உறைந்து கிடப்பதும், அதோடு வறண்ட காற்று வீசுவதும்தான் ஆபத்து. அப்படிப்பட்ட ஊரானால் தொட்டிகளைச் சுவரோரம் நெருக்கி வைத்து, மேலே பைன் ஊசியிலைகளால் மூடுங்கள். சாரசீனியாவில் பர்ப்யூரியா என்ற இனம் கடுங்குளிரையும் தாங்கும். சிட்டசினா, மைனர் ஆகிய இரண்டு இனங்களும் அந்த அளவுக்குத் தாங்காது. ஓய்வுக் காலத்தில் தட்டில் நீர் தேங்க வேண்டியதில்லை. மண் ஈரம் காயாமல் இருந்தால் போதும்.

குளிரைவிட உங்கள் உரமும் கிணற்று நீருமே எனக்குக் கவலை தருகின்றன. சத்தே இல்லாத அமில மண்ணில் வாழ்ந்து பழகியதால்தான் இந்தச் செடி பூச்சி பிடிக்கவே தொடங்கியது. அதன் வேருக்கு உரம் என்பது நஞ்சு. மண்புழு உரம் இட்ட தொட்டிகளை இப்போதே பிரித்து, வேரை மழைநீரில் அலசி, பீட் பாசியும் (சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி) பெர்லைட்டும் (இலேசான வெள்ளைக் கல்துகள்) சமமாகக் கலந்த புதுக் கலவையில் நடுங்கள். பெர்லைட்டுக்குப் பதில் கழுவிய சிலிக்கா மணல் ஆகும். கடல் மணல் ஆகாது. தேங்காய் நார்க்கழிவில் உப்பு இருக்கும்; பலமுறை ஊறவைத்து அலசாமல் அதைத் தொடாதீர்கள்.

கிணற்று நீரில் கரைந்துள்ள உப்பு மண்ணில் சிறிது சிறிதாகப் படிந்து, ஓரிரு ஆண்டுகளில் வேரைக் கெடுக்கும். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்பது தவறு. ஆவியாகப் போவது நீர் மட்டுமே. மழைநீர், காய்ச்சி வடித்த நீர், ஆர்.ஓ. நீர் ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். நீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் டி.டி.எஸ். மானியில் 50 பி.பி.எம்.முக்குக் கீழே காட்டினால் நல்லது. சில ஆர்.ஓ. இயந்திரங்கள் தாது உப்பைத் திரும்பச் சேர்த்துவிடும் என்பதால் அதையும் அளந்து பாருங்கள்.

குளிர் முடியும் தறுவாயில் காய்ந்த குடுவைகளை அடியோடு வெட்டிவிடலாம். தண்டைப் பிரித்து நடவும் அதுவே ஏற்ற சமயம். பெரும்பாலும் முதலில் எழுவது பூ மொட்டுதான். தலைகீழாகத் தொங்கும் அந்தப் பூவின் நடுவே குடை கவிழ்த்ததுபோல் ஓர் உறுப்பு இருக்கும். அதைப் பார்க்கவே சிலர் இந்தச் செடியை வளர்க்கிறார்கள். செடி நலிந்திருந்தால் மட்டும் மொட்டைக் கிள்ளுங்கள். வளரும் பருவம் முழுவதும் ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேரடி வெயிலும், தட்டில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீரும் வேண்டும். கடும் வெயிலில் கறுப்புத் தொட்டி சூடேறி வேரை வேகவைக்கும். வெளிர் நிறத் தொட்டியே நல்லது. இறைச்சித் துண்டு எதையும் போட வேண்டாம். வெளியில் இருக்கும் செடி தனக்கு வேண்டியதைத் தானே பிடித்துக்கொள்ளும், சில சமயம் அளவுக்கு மீறியே பிடித்து அந்த இடத்தில் குடுவை பழுப்பாகும். அதுவும் நோயல்ல.

கோடை முடியும்போது லியூகோஃபில்லா இனம் தன் அழகான வெள்ளைக் குடுவைகளை விடும். ஃபிளேவா இனமோ குடுவை இல்லாத, வாள் போன்ற தட்டை இலைகளை விடும். உதவாத இலை என்று வெட்டிவிடாதீர்கள். குளிர்காலத்தில் செடிக்கு உணவு சமைப்பவை அவையே.

குளிர் சரியாக வராத ஊர்களில் சாரசீனியா சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும். தண்டைக் கழுவி, ஈரமான ஸ்பேக்னம் என்ற சதுப்பு நிலப் பாசியில் சுற்றிப் பையிலிட்டு, மூன்று மாதம் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர்கள் உண்டு. பூஞ்சணம் பிடிக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். அங்கெல்லாம் வெப்பமண்டலக் குடுவைச் செடியான நெப்பந்தஸ் வளர்ப்பதே எளிது என்பேன். அதற்கு ஓய்வு தேவையில்லை. ஆனால் தட்டு நீரில் நிற்கக் கூடாது, வடிகட்டிய வெளிச்சமும் ஈரக்காற்றும் வேண்டும். சமவெளி இனமா, மலை இனமா என்று கேட்டு வாங்குங்கள். மலை இனங்களுக்கு இரவுக் குளிர்ச்சி இல்லாவிட்டால் குடுவை வராது.

கொசுவுக்கு மருந்து தேட வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை தட்டு நீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவி, புது நீர் ஊற்றுங்கள். ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் புழு கொசுவாக மாறியிருக்காது. தட்டுகள் அதிகம் என்றால் கொசுப்புழுவைக் கொல்லும் பி.டி.ஐ. பாக்டீரியாத் துகள்களை நீரில் இடலாம். செடிக்குக் கெடுதல் இல்லை.