1/6 சிலிக்கான் ஃபிகரின் (நிஜ ஆளின் ஆறில் ஒரு பங்கு அளவுள்ள சேகரிப்புப் பொம்மை) தோல் பிசுபிசுப்பது பற்றி

பிசுபிசுப்பை வைத்து, சிலிக்கான் உடலுக்காகக் கொடுத்த கூடுதல் விலை வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் அது மேலே கசிந்த எண்ணெய்தான், துடைத்தால் போகும்.

சிலிக்கான் என்று விற்கப்படும் மூட்டு தெரியாத உடல்களில் சில உண்மையில் டிபிஇ (TPE) என்ற ரப்பர் போன்ற மென்மையான பிளாஸ்டிக். மென்மைக்காக அதில் கலக்கும் எண்ணெய் மெல்ல வெளியே வரும்.

உடையைக் கழற்றி, மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாக உலரவிட்டு, கார்ன்ஃப்ளார் எனும் வெள்ளைச் சோளமாவை மெல்லிய தூரிகையால் தடவுங்கள். சில நாளில் முழங்கை மடிப்பில் மறுபடி எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தால் டிபிஇயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நல்ல பிளாட்டினம் சிலிக்கான் (பிளாட்டினம் வினையூக்கியால் இறுகவைத்த சிலிக்கான்) பொதுவாக இப்படிக் கசியாது. அந்த விலைக்கு விற்றவரிடம் இது நிஜமாகவே சிலிக்கான்தானா என்று தாராளமாகக் கேளுங்கள்.

தலையில் மட்டும் கை வைக்காதீர்கள்: வண்ணம் உரியும், ஊசியால் ஒவ்வொன்றாக நட்ட முடி கழன்று வரும். அசிட்டோன் எங்குமே வேண்டாம். கறுப்பு உடையை நாள்கணக்கில் மாட்டி வைத்தாலும் சாயம் தோலுக்குள் இறங்கிவிடும், அதை எடுப்பது பெரும்பாடு.