ஊதுபத்தியும் சாம்பிராணியும்: நுரையீரல் மருத்துவரின் கேள்வி-பதில்

மார்கழி பிறந்து, பனிக்கு அஞ்சிச் சன்னல்களைச் சாத்தும் வழக்கமும் தொடங்கிவிட்டதால், இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டுப் புகையைப் பற்றியே இருந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டுள்ளேன்.

கேள்வி (லாஸ்பேட்டை): தியானத்தில் அமரும்போது ஊதுபத்தி ஏற்றினால் மனம் அமைதியடைகிறது. இது உண்மையா, பிரமையா?

பதில்: உண்மைதான். மற்றப் புலன்களின் செய்திகள் சுற்றிக்கொண்டு செல்ல, மணம் மட்டும் மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேராகவே எட்டிவிடுகிறது. நாள்தோறும் ஒரே வேளையில் ஒரே மணத்துடன் அமர்பவருக்கு, அது எழுந்ததுமே மூச்சு நிதானப்படுவது பழக்கத்தின் பயன். தூபத்தில் இடும் குந்திரிக்கப் பிசினில் உள்ள ஒரு பொருள் எலிகளின் பதற்றத்தைத் தணித்ததாக 2008-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதைச் சிலர் புகையின் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த எலிகளுக்குப் பிரித்தெடுத்த பொருளை உடலில் செலுத்தினார்களே தவிர, புகை காட்டவில்லை. எனவே ஊதுபத்தியைப் பத்து நிமிடம் முன்னதாகவே ஏற்றி, பாதி எரிந்ததும் மணலில் குத்தி அணைத்துவிட்டு, சன்னலைத் திறந்து வைத்து அமருங்கள். மணம் அறையில் நிற்கும்.

கேள்வி (முத்தியால்பேட்டை): நாங்கள் வாங்குவது ரசாயனம் கலக்காத மூலிகை ஊதுபத்தி. அதை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் அல்லவா?

பதில்: ஏற்றக் கூடாது. விலை மலிந்த ரகங்களில், மூங்கில் குச்சியில் கரித்தூளும் மரத்தூளும் ஒட்டுவதற்கான ஜிகட் மரப்பட்டைத் தூளும் சேர்த்துத் தேய்த்த வெறும் பத்தியை, கரைப்பானில் கலந்த செயற்கை வாசனைத் திரவத்தில் தோய்த்து எடுக்கிறார்கள். மசாலா பத்தியிலோ பிசினும் வேரும் மரப்பொடியும் மாவோடேயே சேர்கின்றன. வாங்குவதானால் இரண்டாவதை வாங்குங்கள் என்றே நானும் சொல்வேன். ஆனால் சந்தனமே ஆனாலும் எரிந்தால் வருவது புகைதான். ஒரு கிராம் ஊதுபத்தி எரிந்தால் ஏறத்தாழ 45 மில்லிகிராம் நுண்துகள் வெளிப்படுகிறது; சிகரெட்டில் இது சுமார் 10 மில்லிகிராம். பத்தடிக்குப் பத்தடி அறையை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு பத்தியை முழுக்க எரித்தால், கணக்குப்படி கனமீட்டருக்கு 1,500 மைக்ரோகிராம் அளவுக்குத் துகள் சேரும். மிக நுண்ணிய துகளுக்கு நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு 60. உறையில் இலையின் படம் அச்சிட்டிருப்பதால் இந்த எண் குறைந்துவிடாது. நாளுக்கு ஒன்று போதும், அதுவும் சன்னல் திறந்திருக்கும்போது.

கேள்வி (மஞ்சக்குப்பம்): பிறந்து மூன்று மாதமான என் குழந்தையைக் குளிப்பாட்டியதும், படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு என் மாமியார் சாம்பிராணி போடுகிறார். தலை ஈரம் காயும், சளி பிடிக்காது என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும், மூச்சிரைப்போடு கைக்குழந்தையைத் தூக்கிவரும் குடும்பத்தாரிடம் "வீட்டில் என்ன புகை?" என்று கேட்டால், "புகையா? ஒன்றுமில்லையே, சாம்பிராணி மட்டும்தான்" என்ற பதிலே இன்றும் வருகிறது. சாம்பிராணியைப் புகைக் கணக்கில் சேர்க்காத இந்த மனப்போக்கே எனக்கு ஆறாத வருத்தம்.

மூன்று மாதக் குழந்தை நம்மைவிட இரண்டு, மூன்று மடங்கு வேகமாக மூச்சு விடுகிறது. அதன் மூச்சுக் குழாய்கள் மிகக் குறுகியவை; சிறிது வீங்கினாலும் அடைத்துக்கொள்ளும். மாமியார் தம் பிள்ளைகளை வளர்த்த வீட்டில் முற்றமும் தாழ்வாரமும் ஓட்டுக் கூரையும் இருந்திருக்கலாம். கூடையைக் கவிழ்த்துப் புகை காட்டினாலும் அது வானம் பார்த்துப் போயிருக்கும். இன்றைய அடுக்குமாடிப் படுக்கையறையில், காற்றுப் படக் கூடாதென்று கதவையும் சாத்திவிட்டால் அது எங்கே போகும்? தூபக்காலில் உள்ள கரித்தணல் கார்பன் மோனாக்சைடையும் வெளியிடுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கம்ப்யூட்டர் சாம்பிராணி என்ற பெயரில் விற்கும் வில்லைகளிலும் கரித்தூள் சேர்ப்பதுண்டு என்பதால் அவற்றுக்கும் விலக்கு இல்லை. தணல் உள்ள அறையில் யாரும் உறங்கக் கூடாது, கதவைச் சாத்தக் கூடாது. இதை முன்பும் எழுதினேன், இனியும் எழுதுவேன்.

சளி தொற்றுக் கிருமியால் வருகிறது. ஈரத்தலைக்கு மெல்லிய பருத்தித் துண்டால் ஒற்றி எடுப்பதே போதும். "மருத்துவர்களே சாம்பிராணித் தைலம் விட்டு ஆவி பிடிக்கச் சொல்வதில்லையா?" என்று மாமியார் கேட்கக்கூடும். சொல்வதுண்டு, ஆனால் அதில் எதுவும் எரிவதில்லை. அதுவும் பெரியவர்களுக்குத்தான், கொதிநீர் அருகே கைக்குழந்தைக்கு வேலையில்லை. அவர் மனம் நோகாமலிருக்க வேண்டுமானால், கூடத்தில் வாசற்கதவும் சன்னலும் திறந்திருக்கச் சிட்டிகையளவு தூவச் சொல்லுங்கள். புகை முற்றிலும் அடங்கிய பிறகே குழந்தையை அங்கே கொண்டு வாருங்கள். குழந்தைக்கு இழுப்போ, பால் குடிக்கையில் மூச்சுத் திணறலோ தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): ஏ.சி. ஓடும் அறையில் ஏற்றினால் புகை வெளியேறிவிடும் என்று நினைக்கிறேன். சரிதானே?

பதில்: தவறு. வீட்டு ஏ.சி. உள்ளிருக்கும் காற்றையே குளிர்வித்துத் திரும்ப அனுப்புகிறது. காற்றுச் சுத்திகரிப்பான் வைத்திருப்போர் கவனத்துக்கும்: அது துகளைப் பிடிக்கும், கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. கடலோரத்தில் பிற்பகல் கடற்காற்று வீசும் வேளையில் கிழக்குச் சன்னலையும் எதிர்ப்புறக் கதவையும் திறந்தால் மின்சாரச் செலவின்றியே காரியம் முடியும்.

கேள்வி (பாகூர்): ஊதுபத்தி நல்லதா, கெட்டதா? ஒரே வரியில் சொல்லவும்.

பதில்: எத்தனை ஏற்றுகிறீர்கள், எந்த அறையில், வீட்டில் ஆஸ்துமா உண்டா, எதையும் எழுதாமல் ஒரு வரி கேட்டால் நானும் ஒரு வரிதான் சொல்ல முடியும்: சன்னலைத் திறவுங்கள்.

கேள்வி (பண்ருட்டி): கொசு ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருளைவிட நல்லதென்று கடைக்காரர் சொல்கிறார்.

பதில்: கடைக்காரர் உறையின் பின்பக்கத்தைப் படித்தாரா? பூச்சிக்கொல்லி சேர்த்த எந்தப் பத்தியானாலும், 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பெற்ற பதிவு எண்ணும் மருந்தின் பெயரும் அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே என்ன இருக்கிறதென்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் ஏறத்தாழ 100 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் வந்த ஆய்வு கணித்தது. ஆகவே சுருளும் வேண்டாம். கொசுவலை கட்டுங்கள்.

கேள்வி (வில்லியனூர்): கூண்டில் பச்சைக்கிளி வளர்க்கிறோம். பூசையறைப் புகை அதைப் பாதிக்குமா?

பதில்: பாதிக்கும், பறவையின் நுரையீரல் நம்முடையதைவிட வேகமாகப் புகையை உள்வாங்கும். நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பதே வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி (தேவனாம்பட்டினம்): ஊதுபத்திச் சாம்பலைக் குழந்தைகளின் நெற்றியில் பூசலாமா?

பதில்: வேண்டாம். திருநீறு பசுஞ்சாணத்திலிருந்து செய்வது. ஊதுபத்திச் சாம்பலில் சாயப்பொடியின் எச்சமும் இருக்கக்கூடும். கண்ணில் விழுந்தால் உறுத்தும். முழுதும் ஆறியபின் குப்பையில் போடுங்கள், தணல் ஒட்டிய குச்சியைக் காகிதக் குப்பையோடு சேர்த்துவிடாதீர்கள்.