வயல் தெரிந்த பிள்ளை பத்திரிகைக்குப் போகட்டும்

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தகப்பனார் மகளோடு வந்திருந்தார். பிளஸ் டூவில் நல்ல மார்க். சென்னையில் இருக்கும் பெரியப்பா, தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏஐ இன்ஜினியரிங் சீட் பேசி வைத்துவிட்டார். பெண்ணோ பத்திரிகைக்குத்தான் போவேன் என்கிறாள். "ஊர்ல கேட்டா என்ன சார் சொல்றது?" என்று கலங்கினார்.

கவலைப்படாதீர்கள் அய்யா, பிள்ளை பிழைத்துக்கொள்ளும். ஆறுதல் இத்தோடு போதும். இருக்கிற ஆறு மா (ஏறக்குறைய இரண்டு ஏக்கர்) நிலத்தை ஒத்திக்கு வைத்து அந்த சீட்டை வாங்காதீர்கள். கணக்கில் தனக்குப் பிடிப்பே இல்லை என்று அவளே சொல்கிறாள். நான்கு வருஷக் கட்டணம், விடுதி, வட்டி எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். பெரியப்பா தலையில் இல்லை.

இன்ஜினியரிங், நர்சிங், பி.காம். பற்றிச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. உங்கள் மகள் கொண்டுவந்த நோட்டைப் பற்றிப் பேசுவோம்.

அதில் நாளிதழ்த் துணுக்குகளை வெட்டி ஒட்டியிருக்கிறாள். அணை திறப்பு, விவசாயிகள் மகிழ்ச்சி. பரவலாக மழை, விவசாயிகள் மகிழ்ச்சி. ஒவ்வொன்றுக்கும் கீழே, அன்று தன் ஊர் வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, யார் வீட்டு நெல் நனைந்தது என்று பென்சிலில் குறித்திருக்கிறாள். ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல் நிருபர் வேலையைத் தொடங்கிவிட்டாள்.

மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12இல் மதகைத் திறந்து பூத் தூவுவார்கள். மறுநாளே டெல்டா மகிழ்ந்ததாகச் செய்தி வந்துவிடும். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, பிரிந்து, தலைஞாயிறு, சேதுபாவாசத்திரம் என்று வாய்க்கால் முடிகிற கடைமடைக்குப் போக நாள் பிடிக்கும். வாய்க்கால் தூர் வாராமல் கிடந்தால் அதுவும் நிச்சயமில்லை. 2024இல் அணையில் நீர் இல்லாமல் ஜூலை 28இல்தான் திறந்தார்கள். போர் போட்டு மோட்டார் வைத்திருந்தவர் முதல் போகமான குறுவை நட்டார். மற்றவர் அடுத்து வரும் சம்பாவுக்குக் காத்திருந்தார். இரண்டு பேரையும் ஒரே தலைப்பில் மகிழவைப்பது செய்தி ஆகாது. மழையும் அப்படித்தான். கோடை உழவுக்குப் பெய்தால் நல்லது. அதுவே தை மாதம் பெய்தால் அறுப்புக்கு நிற்கும் சம்பா சாயும், கொள்முதல் நிலைய வாசலில் குவித்த நெல் நனையும், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்புவார்கள்.

சந்தோஷத்தை எழுதவே கூடாது என்றில்லை. 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் வழியே தஞ்சை மாவட்டத்தில் பரவியது. விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். வானொலிக்காரர்கள் வயலுக்கு ஆகிற விஷயத்தைச் சொன்னார்கள், மகிழ்ச்சி தானாக வந்தது. உங்கள் மகள் போக வேண்டிய வழி இதுதான்.

முதலில் மன்னார்குடி அரசு கலைக் கல்லூரியில் பொருளியலோ வரலாறோ தமிழோ, அவளுக்குப் பிடித்ததைப் படிக்கட்டும். வீட்டிலிருந்தே போய்வரலாம். பிறகு திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வெகுசனத் தொடர்பியல் இருக்கிறது. அதற்கு கியூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நீலக்குடியில் இருக்கிற அந்த வளாகத்தை நம் பக்கத்துப் பெற்றோர் பலர் பஸ்ஸில் கடந்து போகிறார்களே தவிர, உள்ளே என்ன படிப்பு இருக்கிறது என்று விசாரிப்பதில்லை. இடையில் அந்த ஐந்து வருஷமும் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போய் உட்காரட்டும். ஓடுகிற தண்ணீருக்குச் சொல்லும் கன அடிக்கும் அணையில் தேங்கிய தண்ணீருக்குச் சொல்லும் டிஎம்சிக்கும் வித்தியாசம் தெரியட்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடப் பழகட்டும். ஆங்கிலத்தை விட்டுவிடக் கூடாது. நாளிதழ் டெஸ்க், வேளாண் இதழ், வானொலி, ஆராய்ச்சி நிலையங்களின் தகவல் பிரிவு எல்லாவற்றுக்கும் இந்தத் தேர்ச்சி வேண்டும்.

சம்பளத்தில் பொய் சொல்ல மாட்டேன். தாலுகா நிருபர்கள் பலருக்கு விளம்பரம் பிடித்தால்தான் வரும்படி. அந்த வேலையை மட்டும் நம்பி அவளை இறக்காதீர்கள். லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் மீடியா கோர்ஸிலும் சேர்க்காதீர்கள். பெண் பிள்ளை அலையலாமா என்று கேட்கிறவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அவள் நடவு வயலிலும் களத்திலும் வளர்ந்தவள்.

அரசுக் கல்லூரி விண்ணப்பத்தை இந்த வாரமே இணையத்தில் போட்டுவிடுங்கள். பெரியப்பாவின் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.