டாக்டரிடம் கேளுங்கள்: கம்ப்யூட்டர் சொன்னதை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, பல வருடமாகச் சர்க்கரை. கண் முகாமில் படம் எடுத்து கம்ப்யூட்டரே முடிவு சொன்னது. வலது கண்ணுக்கு 'டாக்டரைப் பார்க்கவும்', இடது கண்ணுக்கு 'படம் தெளிவில்லை' என்று சீட்டு. "எனக்கு நல்லாத்தானே தெரியுது" என்கிறார் அம்மா. இதை எவ்வளவு நம்புவது?
– வாசகி ஒருவர், தேனி

பதில்: இந்த வாரமே அம்மாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நீங்கள் வலது கண்ணை நினைத்துப் பயப்படுகிறீர்கள். எனக்கு இடது கண் மேல்தான் கவலை. 'படம் தெளிவில்லை' என்று வந்தால் பலர் ஒன்றுமில்லை போல என்று சீட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். அந்தக் கண்ணை இன்னும் யாருமே பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். கண்புரையாலும் படம் மங்கும், உள்ளே ரத்தம் கசிந்திருந்தாலும் மங்கும்.

வலது கண்ணுக்கு வருகிறேன். இந்த வகை மென்பொருளில் அதிகம் பேசப்பட்டது, 2016இல் கூகுள் குழு வெளியிட்ட ஆய்வு. அரவிந்த், சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் அதில் உண்டு. ஒரே விழித்திரையைப் பார்த்து டாக்டர்கள் நாங்களே வேறுவேறாகச் சொல்வோம் என்பதால், பயிற்சிக்கான ஒவ்வொரு படத்தையும் 3 முதல் 7 பேர் மதிப்பிட்டார்கள். அதில் கற்ற கம்ப்யூட்டர் தருவது ஓர் எண்தான்; எந்த எண்ணுக்கு மேல் போனால் 'டாக்டரைப் பார்' என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். யாரையும் தவறவிடக் கூடாது என்று வரம்பைத் தாழ்த்தி வைத்தபோது, ஒரு சோதனையில், டாக்டரிடம் அனுப்ப வேண்டிய அளவுக்குச் சர்க்கரையால் விழித்திரை கெட்டிருந்த (இதைத்தான் 'நோய்' என்கிறேன்) படங்களில் 97.5 சதவீதத்தையும், அப்படி இல்லாத படங்களில் 93.4 சதவீதத்தையும் அது சரியாகச் சொன்னது.

பிரமாதமாகத் தெரிகிறதா? 1,000 பேரில் 80 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். 78 பேரைக் கண்டுபிடித்துவிடும். நோய் இல்லாத 920 பேரில் சுமார் 61 பேரையும் சேர்த்து அனுப்பும். ஆக, சீட்டோடு வரும் 139 பேரில் 61 பேருக்கு நோய் இருக்காது. நோய் அபூர்வமாக உள்ள கூட்டத்தில் இந்தப் பங்கு இன்னும் கூடும். அம்மாவுக்குப் பல வருடச் சர்க்கரை என்பதால் அந்த 61இல் ஒருவர் என்று நம்பி உட்கார வேண்டாம். பார்வை நன்றாக இருக்கும்போதே விழித்திரை கெடத் தொடங்கிவிடும்.

சொட்டு மருந்து விட்டு இரண்டு கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், கூடவே ஒருவர் போங்கள். முகாம் சீட்டையும் கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.