ஒரே சிப்பில் ஒரு கோரில் லினக்ஸ், இன்னொன்றில் வேறு ஓஎஸ் ஓட்ட முடியுமா?

முடியும். உங்கள் போர்டில் ஏற்கெனவே லினக்ஸ் ஓடுகிறது, அதே போர்டில் மோட்டாரையோ சென்சாரையோ நேரம் பிசகாமல் பார்க்கச் சொல்லி யாரோ தலையில் கட்டிவிட்டார்கள், சரிதானே?

எங்களுடையது சைலின்க்ஸ் ஜிங்க்-7000 சிப், உள்ளே இரண்டு கார்டெக்ஸ்-ஏ9 கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் இரண்டு ப்ராசஸர். திரையும் நெட்வொர்க்கும் லினக்ஸுக்கு, மோட்டார், நேரம் தவறக்கூடாத வேலைக்கான சின்ன ஓஎஸ்ஸான ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸுக்கு. லினக்ஸை ஒரு கோரோடு நிறுத்தி, மெமரியில் ஒரு பங்கை அதன் கையில் படாமல் ஒதுக்கிவிட்டால் போதும் என்பார்கள். போதாது. இரண்டாவது கோரை எழுப்பியதும் லினக்ஸ் அப்படியே நின்றுவிட்டது. ஃப்ரீஆர்டிஓஎஸ் பக்கத்துத் தொடக்க நிரல், சிப் முழுக்கத் தனக்கே என்று நினைத்துப் பொதுவான எல்2 கேச்சையும் (கோருக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேகமான மெமரி) இன்டரப்ட் கன்ட்ரோலரையும் (சாதனங்களின் அழைப்பைக் கோருக்கு அனுப்பும் பகுதி) புதிதாக அமைக்கப் போகும். கோருக்கு ஒரு ஓஎஸ் என்று சொல்லும் யூஸ்_ஏஎம்பி=1 என்ற அமைப்பைக் கொடுத்து கம்பைல் செய்தால் அதையெல்லாம் தொடாது.

அப்புறம்தான் நிஜமான தலைவலி. லினக்ஸில் பெரிய ஃபைல் காப்பி ஆகும்போதெல்லாம் மோட்டாரைத் திரும்பத் திரும்பக் கவனிக்கும் நிரல், அதாவது மோட்டார் லூப், தடுமாறும். குடித்தனம் இரண்டு, குழாய் ஒன்று: 512 கேபி எல்2 கேச்சும் சிப்புக்கு வெளியே இருக்கும் டிடிஆர் மெமரியும் இரண்டு கோருக்கும் பொது. லினக்ஸ் கேச்சை நிரப்ப நிரப்ப எங்கள் லூப் வெளியே தள்ளப்பட்டு, மறுபடி டிடிஆரிலிருந்து வரவேண்டும். சிப்புக்குள்ளேயே இருக்கும் 256 கேபி ஓசிஎம் மெமரிக்கு லூப்பை அதன் ஸ்டாக்கோடு (தற்காலிகத் தரவு வைக்கும் இடம்) மாற்றிய பிறகே அடங்கியது.

ஹைப்பர்வைசர் (ஒரே சிப்பில் பல ஓஎஸ்களைப் பிரித்து ஓட்டும் மென்பொருள்) போட்டிருக்கலாமே என்று கீழே கமென்டில் வருபவர்களுக்கு: ஏ9-இல் அதற்கான ஹார்டுவேர் வசதியே கிடையாது. லினக்ஸையே நேரம் தவறாமல் ஓடவைக்கும் ப்ரீஎம்ப்ட்_ஆர்டி போதாதா என்றால், உங்கள் வேலைக்குப் போதுமென்றால் தாராளமாக அதையே வையுங்கள், 2024-இல் லினக்ஸ் கெர்னல் 6.12-லேயே சேர்த்துவிட்டார்கள், நான் சண்டைக்கு வரவில்லை.

புதிதாக சிப் வாங்குவதாக இருந்தால் எஸ்டிஎம்32எம்பி157 மாதிரி எடுங்கள். லினக்ஸுக்கு இரண்டு கார்டெக்ஸ்-ஏ7 கோர், தனியாக ஒரு சின்ன எம்4 கோர், அதற்கென்று உள்ளேயே எஸ்ரேம் மெமரி. லினக்ஸிலேயே இருக்கும் ரிமோட்ப்ராக் என்ற வசதி மூலம் எம்4-இன் நிரலை ஏற்றி ஓட்டலாம், நிறுத்தலாம்; ஆர்பிஎம்எஸ்ஜி என்ற செய்தி முறை வழியாக இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளலாம். பாதிப் பாகப்பிரிவினை சிப்பிலேயே முடிந்திருக்கும்.

ஒன்று மட்டும் இன்னும் வயிற்றெரிச்சல். சிப் ஒன்றுதானே என்று மேனேஜர் ஆளையும் ஒன்றாகக் குறைத்தார். லினக்ஸ் டிரைவரும் நான், மோட்டாரும் நான், அது நின்றால் ராத்திரி போன் எடுப்பதும் நான். அப்ரைசலில் எழுதியது: 'டெஸ்டிங்கில் உதவினார்'.